சீனா போகிறவர் பணத்தை எப்படிக் கொண்டுபோவது? யுவான், டாலர், கார்டு, அலிபே: ஓர் ஒப்பீடு

சீனாவுக்கு டிக்கெட் போட்ட கையோடு எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "யுவான் எங்கே மாத்தினா நல்ல ரேட் கிடைக்கும்?" என்பதுதான். குவாங்சௌ வணிகக் கண்காட்சிக்குப் போகிற திருப்பூர்க்காரர், மருத்துவம் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிற பெற்றோர், பெய்ஜிங்கும் ஷாங்காயும் சுற்றக் கிளம்பும் குடும்பம் என்று மூன்று தரப்பும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். மூவருக்கும் பதில் வேறு. ரேட்டில் பத்து பைசா மிச்சம் பிடித்துவிட்டு, அங்கே போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க முடியாமல் நின்றவர்கள் உண்டு. நானும் நின்றிருக்கிறேன்.

## முதலில் யுவானைப் பழகிக்கொள்வோம்

ரென்மின்பி என்றால் "மக்கள் பணம்". அது நாணயத்தின் பெயர். யுவான் அதன் அலகு. பணமாற்றுக் கடைப் பலகையில் சிஎன்ஒய் என்றோ ஆர்எம்பி என்றோ எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். கடைத்தெருவில் இந்தச் சொற்கள் அதிகம் காதில் விழாது. யுவானை "க்வாய்" என்பார்கள். யுவானில் பத்தில் ஒரு பங்கு ஜியாவ். வாய்ப்பேச்சில் அது "மாவ்". நூறில் ஒரு பங்கான ஃபென் இப்போது கிட்டத்தட்டக் கணக்கில் மட்டும்தான் உயிரோடிருக்கிறது. "சான் க்வாய் வூ" என்று காய்கறிக்காரர் சொன்னால் மூன்றரை யுவான்.

விரலால் விலை சொல்லும் பழக்கமும் உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் எட்டு. நம் கண்ணுக்கு அது இரண்டு. பேரம் பேசும்போது இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நோட்டுகள் 1, 5, 10, 20, 50, 100 யுவான். எல்லாவற்றிலும் மாவோ படம் இருப்பதால் முகத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள்: 100 சிவப்பு, 50 பச்சை, 20 பழுப்பு, 10 நீலம், 5 ஊதா, 1 வெளிர் பச்சை. ஐம்பதின் பின்புறம் லாசாவின் பொட்டாலா அரண்மனை, இருபதின் பின்புறம் குய்லின் மலைகளும் லீ ஆறும். இருப்பதிலேயே பெரிய நோட்டு நூறுதான், நம் கணக்கில் சுமார் 1,200 ரூபாய். ஆகவே பணம் சீக்கிரம் கட்டாகப் பருத்துவிடும்.

வீட்டில் யாராவது பழைய பயணத்தில் மிஞ்சிய நோட்டு கொடுத்தால் ஒரு தடவை பாருங்கள். நான்கு தலைவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும் நூறு யுவான் நோட்டு, 2 யுவான் நோட்டு இவையெல்லாம் பழைய நான்காம் தொடர் வெளியீடு; 1 மே 2018 முதல் புழக்கத்தில் இல்லை. ஹாங்காங் டாலரும் மக்காவ் பட்டாக்காவும் தனிப் பணம். ஷென்ஜென் எல்லையைத் தாண்டியதும் ஹாங்காங் டாலரைக் கடையில் நீட்டிப் பயனில்லை.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

நான்கு அளவுகோல்.

ஒன்று, மொத்தச் செலவு. "கமிஷன் இல்லை" என்ற பலகையை மறந்துவிடுங்கள். லாபம் ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது. இணையத்தில் தேடினால் வருகிற விலை நடுவிலை. உங்களிடம் கேட்கிற விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நடுவிலையால் வகுத்தால் உண்மையான கமிஷன் சதவீதம் தெரியும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் நடுவிலை 12 ரூபாய் என்றும், தேவை 5,000 யுவான், அதாவது 60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போகிற நாளின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு, எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்வாரா. மூன்று, அது வேலை செய்யாத நாளில் என்ன கதி. நான்கு, மிஞ்சினால் திரும்புமா.

எனக்கு மூன்றாவதுதான் முதலாவது. முந்நூறு ரூபாய் கூடப் போனால் போகட்டும். இரவு பத்து மணிக்கு டாக்ஸிக்குக் கொடுக்க வழியில்லாமல் நிற்கக் கூடாது. யுபிஐ அங்கே கைகொடுக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

## வழி 1: ஊரிலேயே யுவான் வாங்கிப் போவது

செலவு: டாலரை விற்பதுபோல் யுவானை நம் ஊர்க் கடைகள் தினமும் விற்பதில்லை. இருப்பு குறைவு, ஆகவே வித்தியாசம் அதிகம். நடுவிலை 12 இருக்கும்போது 12.72 கேட்டால் அது 6 சதவீதம். நம் 5,000 யுவானுக்கு 3,600 ரூபாய். இதன்மேல் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய்க்குள் மாற்றினால் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து (குறைந்தது 250 ரூபாய்) அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். நம் கணக்கில் நூறு ரூபாய் சொச்சம்தான், அதில் மனதைச் செலவழிக்க வேண்டாம்.

மறைந்திருப்பது: கடையில் எல்லாமே நூறு யுவான் நோட்டாகத்தான் தருவார்கள். அங்கே பேருந்து உண்டியலில் போட 1 யுவான், 2 யுவான் வேண்டும், மீதி தரமாட்டார்கள். சிறு நோட்டு கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

விதிகள்: பாஸ்போர்ட், பான், விசா, டிக்கெட் கேட்பார்கள். ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து 50,000 வரைதான் மாற்றலாம், மேலே போனால் வங்கி வழியாக. ஒரு பயணத்துக்கு அந்நிய நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டுபோகலாம். சீனப் பக்கத்தில் 20,000 யுவானுக்கு மேல் உள்ளே கொண்டுபோகவோ வெளியே எடுத்துவரவோ கூடாது.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு இந்தப் பத்தியே வேறு. அங்கே யுவான் அன்றாடச் சரக்கு, வித்தியாசம் மெல்லியது. முஸ்தஃபா பேரங்காடியிலும் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலும் வரிசை கட்டி நிற்கும் பணமாற்றுக் கடைகளில் பல தமிழ் முஸ்லிம்கள் நடத்துபவை. தமிழிலேயே பேரம் பேசலாம். அவர்களுக்கு வழி 1 மலிவான வழி. சென்னையிலிருந்து அந்த ஊர் வழியாகப் பறந்துவிட்டுப் போகிறவர் மட்டும் விமான நிலையக் கடையில் அதே ரேட்டை எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது நல்லது: முதல் இரண்டு நாள் செலவுக்கு. 500 யுவான், மிஞ்சிப்போனால் 1,000. மொத்தப் பணத்தையும் இப்படி மாற்றுவது வீண்.

## வழி 2: டாலர் கொண்டுபோய்ச் சீன வங்கியில் மாற்றுவது

ரூபாயை நேராக அங்கே கொண்டுபோகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கவுன்டரில் ரூபாய் நோட்டைப் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். ஆகவே ரூபாய், டாலர், யுவான் என்று இரண்டு முறை மாற்றுகிறோம். இரண்டு முறை நஷ்டம்தானே? ஆமாம். ஆனால் இரண்டும் மெல்லிய நஷ்டம்.

செலவு: நம் ஊரில் டாலருக்குப் போட்டி அதிகம், பேரம் பேசினால் 1.5 சதவீத வித்தியாசத்தில் கிடைக்கும் என்று வைப்போம். சீன வங்கி நோட்டுக்குத் தருகிற விலை இன்னொரு 1 சதவீதம் கீழே. மொத்தம் 2.5, அதாவது 1,500 ரூபாய். வழி 1-இல் பாதிக்கும் கீழே. வங்கியின் விலைப்பலகையில் வாங்கும் விலை என்று இரண்டு இருக்கும். ஒன்று வங்கி வழி வரும் பணத்துக்கு, மற்றது நோட்டுக்கு. உங்களுக்கு நோட்டு விலைதான், அது எப்போதும் கீழே இருக்கும். கிளை தேடி அலைவதில் ரேட் மாறப்போவதில்லை. ஆகவே அருகில் இருக்கும் பேங்க் ஆஃப் சைனாவே போதும்.

மறைந்திருப்பது: நேரம். டோக்கன், பாஸ்போர்ட் நகல், படிவம், நோட்டு எண்ணும் இயந்திரம் என்று ஒரு மணி நேரம் போகலாம். எல்லாக் கிளையிலும் அந்நியச் செலாவணி கவுன்டர் இல்லை. கிழிந்த, மை பட்ட, மடித்துக் கசங்கிய டாலரைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஊரில் வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். விமான நிலையத்தில் வங்கிக் கவுன்டரும் தனியார் கவுன்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தனியாரிடம் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் இருக்கக்கூடும், நூறு டாலர் மாற்றினால் அது கடிக்கும். 5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாக வைத்திருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். தெருவில் "சேஞ்ச் மணி" என்று பக்கத்தில் வருபவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை; நடந்துகொண்டே இருங்கள்.

எப்போது நல்லது: செல்போன் செலுத்தலில் நம்பிக்கை இல்லாதவர்கள், குறிப்பாக வயதானவர்கள். மாற்றும்போதே "பத்தும் இருபதுமாக" என்று கேளுங்கள். வெளிநாட்டவர் வசதிக்காகச் சில்லறைக் கட்டுகளைத் தயாராக வைத்திருக்கும்படி 2024 முதல் சீன வங்கிகளை ஊக்குவித்துவருகிறார்கள்.

நோட்டை நீட்டினால் வாங்குவார்களா என்ற பயம் பலருக்கு. சட்டப்படி கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கக் கூடாது. அங்குள்ள மத்திய வங்கி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நடப்பில் அவரிடம் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது, அதுதான் சிக்கல். சீனத்துச் சதுர ஓட்டைச் செப்புக்காசை ஆங்கிலேயர் "கேஷ்" என்று அழைத்தார்கள். அந்தச் சொல் நம் "காசு", போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போனது. அந்த ஊரில் இன்று காசைத்தான் காணோம்.

## வழி 3: ஏடிஎம்மில் எடுப்பது

செலவு: பெரிய வங்கிகளின் ஏடிஎம்கள் விசா, மாஸ்டர்கார்டை ஏற்கும். இடி நம் ஊர் வங்கியிடமிருந்து விழும். பல கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மேலே சேர்க்கும் கட்டணம்) 3.5 சதவீதம்; அதற்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. நம் 60,000 ரூபாய்க்கு 2,478. ஒரு தடவை எடுப்பதற்கு 150 ரூபாயும் வரியும் என்று வைத்தால், இரண்டு தடவைக்கு 354. மொத்தம் 2,832. இயந்திரம் ஒரு தடவைக்கு 2,500 அல்லது 3,000 யுவானுக்கு மேல் தராது, அதனால்தான் இரண்டு தடவை.

மறைந்திருப்பது: முன்கூட்டியே அந்நியப் பணம் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கியிருக்கிறோமே, அதில் மார்க்கப் இல்லையே என்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். பல நாணய கார்டு என்று விற்கப்படும் பலவற்றில் யுவான் இருக்காது. டாலரை ஏற்றிக்கொண்டு போய் யுவானில் செலவழித்தால் குறுக்கு நாணயக் கட்டணம் என்ற பெயரில் அதே 3.5 சதவீதம் பிடிப்பார்கள். "டாலர் போட்டு சீனாவில் தேய்த்தால் எவ்வளவு?" என்று வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி யுவானையே தேர்ந்தெடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள், அன்றிலிருந்தே வட்டி ஓடும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டு ஏடிஎம், வெளிநாட்டுக் கடை, இணையம் என்று ஒவ்வொன்றையும் நீங்கள்தான் வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். விமானம் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தால் தாமதம்.

எப்போது நல்லது: மார்க்கப் இல்லாத டெபிட் கார்டு உங்களிடம் இருந்தால் இதுவே மலிவு, வரிசையும் இல்லை. இல்லாவிட்டால் அவசரத்துக்கு மட்டும்.

## வழி 4: அலிபே அல்லது வீசாட்டில் கார்டைக் கோத்து வைப்பது

சீனாவில் தெருவோரச் சோளம் விற்பவரிடமும் க்யூஆர் அட்டை இருக்கும். 2023-இல் அலிபே, வீசாட் பே என்ற இரண்டு செல்போன் செலுத்தல் சேவைகளும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டுகளுக்கு நன்றாகவே கதவைத் திறந்துவிட்டன. சீன வங்கிக் கணக்கு வேண்டியதில்லை. பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, கார்டைச் சேர்த்துவிட்டால் போதும். 2024-இல் உச்சவரம்பையும் உயர்த்தினார்கள்: ஒரு செலுத்தலுக்கு 5,000 டாலர், ஆண்டுக்கு 50,000 டாலர்.

நம்மவர்களுக்கு வீசாட் இடறல். 29 ஜூன் 2020 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. கணக்குத் திறக்க ஏற்கெனவே உள்ள பயனர் ஒருவரின் உறுதிமொழியையும் கேட்கக்கூடும். அலிபேயும் 2020 செப்டம்பரில் தடை செய்த 118 செயலிகளின் பட்டியலில் வந்தது; இருந்தாலும் இந்தியாவிலிருந்து போகிறவர் பெரும்பாலும் நாடுவது அலிபேயைத்தான். மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: டச் என் கோ என்ற அந்த ஊர் செல்போன் பணப்பையாலேயே அலிபே க்யூஆரை ஸ்கேன் செய்யலாம்.

செலவு: 200 யுவானுக்குள் ஒவ்வொரு செலுத்தலுக்கும் அலிபே ஒன்றும் பிடிப்பதில்லை. 200-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 3 சதவீதம். பின்னால் இருக்கும் கார்டின் மார்க்கப் தனி. 5,000 யுவானில் 2,000 சில்லறைச் செலவு, 3,000 பெரிய பில்கள் என்று வைத்தால், அலிபேக்கு 90 யுவான், அதாவது 1,080 ரூபாய். சாதாரணக் கார்டுக்கு 2,478. மொத்தம் 3,558. ஊரில் யுவான் வாங்கியதற்கும் இதற்கும் நாற்பது ரூபாய்தான் வித்தியாசம்! "போன்ல கட்டிட்டா செலவே இல்லை" என்பவர்கள் திரும்பி வந்து கார்டு பில்லைப் பார்ப்பதில்லை. மார்க்கப் இல்லாத கார்டைக் கோத்தால் அதே செலவு 1,080-க்கு இறங்கிவிடும். 380 யுவான் உணவு பில்லை இரண்டாகப் பிரித்துக் கட்டலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். அதுவும் மிச்சம்.

மறைந்திருப்பது: நான் தண்ணீர் பாட்டிலோடு நின்ற கதை இங்கேதான். குவாங்சௌவில் முதல் நாள் மாலை. அலிபே தயார், கார்டு சேர்த்தாயிற்று. முதல் செலுத்தலைச் சந்தேகம் என்று என் வங்கி நிறுத்தி ஓடிபி அனுப்பியது. அந்த சிம் விடுதி அறையில் பழைய போனில் கிடந்தது. பையில் இருந்தது ஒரே ஒரு நூறு டாலர் நோட்டு. கடைக்கார அம்மா பாட்டிலை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். தவறு அவருடையதில்லை.

ஆகவே வெவ்வேறு வங்கியின் இரண்டு கார்டுகளைச் சேருங்கள். ஓடிபி வருகிற சிம் ரோமிங்கோடு கையில் இருக்கட்டும். ஊரிலேயே கணக்குத் திறக்க முடிகிறதா, பாஸ்போர்ட் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள். சிறு வியாபாரிகள் சிலர் கடைக்குரிய க்யூஆர் வைக்காமல் தனிநபர் பணம் பெறும் க்யூஆரை ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டுக் கார்டு அதில் நின்றுவிடலாம். உங்கள் போனில் உள்ள க்யூஆரை அவர் ஸ்கேன் செய்யட்டும் என்று காட்டிப் பாருங்கள், இல்லையென்றால் நோட்டு. பேட்டரி தீர்ந்தால் பணமும் தீர்ந்தது.

எப்போது நல்லது: அன்றாடச் செலவுக்கு, அநேகமாக எல்லோருக்கும். மெட்ரோ, வாடகைக் கார், உணவகம் எல்லாம் ஒரே செயலியில் அடங்குவது பெரிய நிம்மதி.

## ஒரே பார்வையில்

| | ஊரில் யுவான் | டாலர் நோட்டு | ஏடிஎம் | அலிபே |
|---|---|---|---|---|
| 5,000 யுவானுக்குச் செலவு (மேற்கண்ட அனுமானங்களில்) | ரூ. 3,600 | ரூ. 1,500 | ரூ. 2,832 | ரூ. 3,558, மார்க்கப் இல்லாத கார்டில் ரூ. 1,080 |
| இறங்கியதும் கைகொடுக்குமா | உடனே | வங்கி திறந்திருந்தால் | கார்டு திறந்திருந்தால் | ஓடிபி வந்தால் |
| தெருக்கடையில் | ஏற்பார்கள், மீதிதான் பாடு | மாற்றிய பிறகு | எடுத்த பிறகு | மிகச் சுலபம், சில க்யூஆர்களில் நிற்கும் |
| பெரிய ஆபத்து | தொலைந்தால் போச்சு | கசங்கிய நோட்டு | வங்கி முடக்குவது | போன் செத்துப்போவது |
| மிஞ்சினால் | ஊரில் விற்றால் நஷ்டம் | மாற்றாத டாலர் அப்படியே | வராது, எடுத்ததே அளவு | மிச்சமே இல்லை |

## யாருக்கு எது

பத்து நாள் சுற்றுலாக் குடும்பம்: அலிபேயில் இரண்டு கார்டுகள், கணவன் மனைவி இருவர் போனிலும். கையில் 1,000 யுவான். மாற்றாத 200 டாலர் பெட்டிக்குள். நான் இப்போது இப்படித்தான் போகிறேன்.

மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர்: டாலர் நோட்டு, அதுவும் பிள்ளையோடு வங்கிக்குப் போய் மாற்றுவது. அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைக்குச் சீன வங்கிக் கணக்கு இருக்கும். அவருடைய அலிபேயில் 3 சதவீதமும் இல்லை, தனிநபர் க்யூஆர் சிக்கலும் இல்லை. வீட்டுச் செலவை அவர் போனிலேயே ஓட்டுவது புத்திசாலித்தனம்.

குவாங்சௌவுக்கும் யீவூவுக்கும் சரக்கு பார்க்கப் போகும் வியாபாரி: சாப்பாடு, தங்குவது, டாக்ஸிக்கு மேலே சொன்னவை போதும். சரக்குக்கான முன்பணத்தைப் பயணப் பணத்திலோ அலிபேயிலோ கொடுக்காதீர்கள். இறக்குமதிப் பணம் உங்கள் வங்கி வழியாக, ஆவணத்தோடுதான் போக வேண்டும். மாதிரிப் பொருள் வாங்குவது வேறு விஷயம், அதற்கு ரொக்கம் கொடுத்தால் விலை சற்று இறங்கும்.

விடுதியில் முன்பணம் கேட்பார்கள். அதைக் கார்டில் கொடுத்தால் திரும்பி வரப் பல நாள் ஆகலாம்; ரொக்கமாகக் கொடுத்தால் கிளம்பும்போதே கையில் வந்துவிடும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

## மிஞ்சிய யுவான்

வங்கியில் மாற்றியபோது தந்த ரசீது இருந்தால் 24 மாதத்துக்குள் அந்த மீதியைத் திரும்ப அந்நியப் பணமாக்கலாம். ரசீது இல்லாவிட்டாலும் ஒரு நாளுக்கு 500 டாலர் மதிப்பு வரை பாஸ்போர்ட் மட்டும் காட்டி மாற்றலாம்; விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனையைத் தாண்டிய பிறகு உள்ள கவுன்டரில் அது 1,000 டாலர். ஊருக்கு வந்தபின் 2,000 டாலர் மதிப்பு வரை அந்நிய நோட்டை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். நாணயங்களைத் திரும்ப மாற்றித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். ஒரு யுவான் காசுகள் சேர்ந்துவிட்டால் கடைசி நாள் பேருந்தில் ஏறி உண்டியலில் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.